வாயில்லாத ரோபோவுக்கு எழுதிய வசனம்

அந்த ரோபோவுக்கு வாய் கிடையாது. பதினோரு மாடி உயரம், தோளில் பீரங்கி, நெஞ்சில் ஒரு நீல விளக்கு, அவ்வளவுதான். அதை இயக்கும் நாயகனும் சண்டையில் வாயைத் திறப்பதில்லை. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அவன் எதை நினைக்கிறானோ அதை ரோபோ செய்யும். ஓங்கு என்று நினைத்தால் கையை ஓங்கும். நடுவில் வேறு நினைப்பு வந்துவிட்டால் கால் பின்னி, ஒரு தெருவையே நசுக்கிக்கொண்டு விழும்.

அந்த ரோபோ வரும் டிவி தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுவதுதான் நான் பார்த்த முதல் சம்பள வேலை. மைசூரில், விஜயநகரில் ஒரு வீட்டின் மாடியறை முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டி டப்பிங் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். நடத்தியவர் சென்னையிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு மேடம். சாதாரணக் காட்சிகளில் உதடு அசைவை எண்ணி எண்ணி எழுத வேண்டும். சண்டைக் காட்சி முழுக்க மைண்ட் வாய்ஸ். உதடே அசையாது. காட்சி தொடங்கி முடிவதற்குள் சொல்லி முடித்தால் போதும். எழுதுகிறவனுக்கு அது விடுமுறை மாதிரி.

நான் எழுத வந்தவன் இல்லை. குரல் கொடுக்க வந்தவன். எங்கள் ஊர் ராமாபுரம், கர்நாடக எல்லைக்குள் இருக்கும் தமிழ் பேசும் கிராமம். வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துக்கு மேல் எழுதியதில்லை. பள்ளி கன்னடத்தில்தான். தமிழை நானாகவே, எல்லை தாண்டி வரும் பஸ் பலகையிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாயகனின் குரலுக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை, பார்க்கலாம் என்று மேடம் சொன்ன அன்றே அம்மாவுக்குப் போன் போட்டு, டிவியில் என் குரல் வரப்போகிறது என்று சொல்லிவிட்டேன். அம்மா அதை அன்று மாலைக்குள் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இனி வராவிட்டால் நான் ஊருக்குப் போக முடியாது.

அந்த நேரத்தில் அதே குரலுக்குப் போட்டியாக இன்னொருவன் வந்து சேர்ந்தான். அவனுடைய தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். வீடு இரண்டு தெரு தள்ளி. பொழுதுபோக்காக வந்ததாக அவனே சொன்னான். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அவன் வசனத்தையெல்லாம் நான் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் ஆறு மாதமாக மேடம் வந்தால் எழுந்து நிற்கிறேன். அவன் முதல் வாரமே அவரை அக்கா என்றான், அவரும் சரி என்று சிரித்தார். அவனுடைய அம்மா கொடுத்தனுப்பும் டிபன் பாக்ஸைத் திறக்கவே மறந்துவிடுவான். குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கீழே டீக்கடையில் அவன் டீ கேட்டால் முன்பின் தெரியாதவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அதே கடையில் மூன்று முறை கேட்பேன்.

இருவருக்கும் ஒரே காட்சியை மேடம் சோதனைக்குக் கொடுத்தார். மேம்பாலம் இடிந்து ரோபோவின் தோளில் விழுகிறது. அடியில் ஒரு பேருந்து நிறைய ஜனம். ரோபோ தூக்கிப் பிடிக்க வேண்டும். இருபது நொடி.

எனக்கு நான்கு சின்ன வரி எழுதிக்கொண்டேன். தெளிவாக, இடைவெளி விட்டு. அவனுக்கு எழுதும்போது, தெரிந்தேதான், இருபது நொடிக்குள் மூச்சு வாங்க ஓர் இடம்கூட இல்லாமல் நிரப்பினேன். நிரப்பச் சொல் போதவில்லை. சோள மூட்டை தூக்கும்போது அம்மா அப்பாவிடம் சொல்வதையெல்லாம் அப்படியே போட்டேன். அவன் திணறட்டும், பாதியில் நிற்கட்டும் என்பதுதான் நோக்கம். இருவருக்கும் வேறு வேறு வசனம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் நான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆனால் மைக் முன்னால் நின்றபோது பாலம் என் மனதில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடத்தின் பக்கத்தில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான் இருந்தான்.

அடுத்து அவன். காகிதத்தைப் பார்த்ததும், "குரு, ஒரே மூச்சுல இவ்ளோவா? சும்மனே உசுரு போயிடும்," என்றான். மைசூர்ப் பையன்களுக்கு நண்பன் என்றால் குரு, சும்மா என்றால் சும்மனே. ஹெட்போனை மாட்டினான். பாலம் விழுந்தது.

"குனியாத சாமி, கால ஊனு, மொழங்கால மடக்கு, மூச்ச உட்றாத, இந்தா ஆச்சு, தூக்கு, தூக்கு சாமி..."

பாதியில் மூச்சு முட்டியது. நிற்கவில்லை. குரல் கிழிந்து, வார்த்தை காற்றாகி, கடைசித் 'தூக்கு' தொண்டையிலிருந்து பிய்ந்து வந்தது. திரையில் ரோபோவின் முழங்கால் அதே நேரத்தில் நடுங்கியது. எனக்கே பாலத்தின் எடை தெரிந்தது.

மேடம் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிறகு இரண்டு காகிதத்தையும் கேட்டு வாங்கினார். கன்னட எழுத்தை விரல் வைத்துப் படித்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"உனக்கு மட்டும் ஏன்ப்பா இவ்ளோ சிக்கனமா எழுதிக்கிட்ட? நல்லதையெல்லாம் அவனுக்குக் குடுத்துட்டியே. பெரிய மனசுதான் உனக்கு."

அவன் என் தோளில் கைபோட்டு, சக்கத்தா, பிரமாதமா எழுதியிருக்க குரு, இனிமே எனக்கு இப்படியே எழுது என்றான். தொடர் முழுக்க அவன் குரல் என்று அன்றே முடிவானது. தொடர் முழுக்க அப்படியே எழுத வேண்டும் என்று எனக்கும் உத்தரவானது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏமாற்றிவிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் எழுதும் வேலையும் போகும் என்று விழுங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அந்தக் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பானது. மைண்ட் வாய்ஸ் என்பதால் எதிரொலி வேறு சேர்த்திருந்தார்கள். முடிந்த கையோடு போன் வந்தது. எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருப்பது சத்தத்தில் தெரிந்தது.

"கண்ணு, பார்த்தோம். நான் சொல்றத அப்படியே சொல்லிப்போட்டியே, உங்கப்பா சிரிச்சு சிரிச்சுக் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. சத்தந்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு. தொண்ட கட்டியிருக்குதா? சளியா?"

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தெரிந்தது. பின்னால் அப்பா யாரிடமோ, எம்பையன்தான், எம்பையன்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. சளி," என்றேன்.

வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொன்னாள். மறுநாள் ஸ்டுடியோவில் அவன் நிஜமாகவே தொண்டை கட்டிப்போய், சைகையில் பேசிக்கொண்டிருந்தான். அந்த வெந்நீர் அவனுக்குச் சேர வேண்டியது. அம்மா சொன்னபடியே போட்டு பிளாஸ்கில் கொண்டுபோயிருந்தேன். அவன் பார்க்கப் பார்க்க நானே குடித்தேன்.