பத்தியம் இருந்த முயல்

என் முயல் சுண்ணாம்புத் தண்ணீர் போல மூத்திரம் போனது. செத்துவிடுமோ என்று பயந்து வில்லியனூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். சத்து என்று தினமும் முருங்கைக்கீரை போட்டதுதான் வினை, இனி புல்லும் தண்ணீரும்தான் என்றார் டாக்டர்.

பக்கத்தில், நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு அம்மா, மடியிலிருந்த தன் முயலுக்கு ஈர அருகம்புல்லை ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கிட்னி கோளாறாம்.

ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த ஒருவர் சிரித்தார். "இன்னாமா, முயலுக்குப் பத்தியமா? கொழம்பு வச்சிட்டுப் போவியா."

அந்த அம்மா நிமிரவே இல்லை. "சுகர் வந்தா நீ பத்தியம் இருப்பியா, கொழம்புல வுழுவியா?"

அந்த அம்மாவின் முயல் பிழைத்ததா, தெரியாது. அன்று சாயங்காலம் மாமியார் முயலுக்கென்று முருங்கைக்கீரையை நீட்டினார். எதற்கும் தலையாட்டும் நான், "வேணாம் அத்த, அதுக்குப் பத்தியம்" என்றேன். கீரையை வாங்கவில்லை.