கோட்டை விட்டுத் தள்ளி விழுந்த அடி

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். துவாக்குடியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்தேன். கம்ப்யூட்டரில் தாளம் போடவும் யாரையும் கேட்காமல் நானே கற்றுக்கொண்டேன். மயிரிழை பிசகினாலும் என் பட்டறையிலிருந்து எதையும் வெளியே விடமாட்டேன். தாளமும் அப்படித்தான்: ஒவ்வொரு அடியும் திரையில் நேரத்தைப் பிரித்துக் காட்டும் கோட்டின் மேல் உட்கார வேண்டும்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி நடக்கப் பயந்தாள். நடக்காவிட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவள் நடப்பதற்கென்றே ஒரு தாளம் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு எட்டு வைத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இது தாளமா, உங்க பட்டறை மிஷினா? என்னை விரட்டுது."

"மெதுவாத்தானே வெச்சிருக்கேன்?"

"வேகத்தைச் சொல்லலைங்க. என் வலது கால் வந்து சேர்றதுக்குள்ள அதோட அடி விழுந்துடுது."

உண்மைதான். அந்தக் கால் சற்றுத் தயங்கியே தரையைத் தொட்டது. உட்கார்ந்து, வலது காலுக்கான அடிகளையெல்லாம் கோட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தாமதமாக விழும்படி வைத்தேன். நான் வேண்டுமென்றே பிசகாகச் செய்த ஒரே வேலை அது. அதையும் என்னைப் போல யாரும் செய்துவிட முடியாது.

"இப்ப வா, பாப்போம்."

சுவரை விட்டாள். எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டின் கூடத்தைக் கடந்து வாசல்வரை நடந்து திரும்பினாள். நான் ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டினேன்.

"நிறுத்திடாதீங்க. இன்னொரு தடவை போயிட்டு வரேன்."