குடம் வைத்தபின் மிஞ்சும் வழி

கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் இருந்தது. புது அகல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கட்டடக்கலைக் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கும் செல்வி பேசினார். "அக்கா, டீன் மேடம் காலையில தவறிட்டாங்க." எந்த டீன் மேடம் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த டீன் அவர் ஒருவர்தான். இருந்தாலும் செல்வி வேறு ஒரு பெயரைச் சொல்லிவிடமாட்டாரா என்று ஒரு நப்பாசை.

டீன் மேடத்தை, பேராசிரியர் தமயந்தியை, அவருடைய மாணவர்களான நீங்களெல்லாம் வகுப்பறையில் பார்த்தவர்கள், அவர் கையெழுத்திட்ட பட்டம் வாங்கியவர்கள். எட்டாவதோடு நின்ற நான் அவரை முதலில் பார்த்தது, திருவொற்றியூரில் எங்கள் பழைய வரிசை வீட்டின் முன், தரையில் மண்டியிட்டு அளவு நாடாவை விரித்துக்கொண்டிருந்தபோது. ஓட்டுக்கூரை ஒழுகி, சுவர் விரிசல் விட்டு, துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களான நாங்கள் அதை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டிக்கொள்வதென்று எங்கள் சங்கத்தில் முடிவு செய்திருந்த சமயம். வரைபடம் போட்டுத் தர அவர் சம்மதித்து மாணவர்களோடு வந்திருந்தார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னாம்மா இது, செவுத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"ஆமாம்மா. அளவு தப்பினா அக்குள்ல பிடிக்குமே" என்றார் டீன், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவர் டேப்பம்மா.

ஒரு மாதம் கழித்துச் சங்க அறையில் வரைபடத்தை விரித்தார்கள். பெரிய ஹால், காற்று வரும் சமையலறை, பூஜைக்கு ஒரு மாடம். ஆண்களுக்கு ஏகத் திருப்தி. வீடுகளின் முன்னால் பொதுவாக ஓடும் நடை மட்டும் நான்கு அடி என்று போட்டிருந்தது. பின்னால் நின்ற நான் கேட்டுவிட்டேன்: "மேடம், குடமெல்லாம் எங்க வைக்கிறது?"

"உள்ளே வெச்சுக்கோங்கம்மா" என்றார் கான்ட்ராக்டர், சிரித்தபடி.

"உள்ள வெச்சிக்கினா நாங்க எங்க குந்திக்கினு துன்றது? கொடத்து மேலயா?" என்றார் கஸ்தூரி அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். டீன் சிரிக்கவில்லை. "நான் அளந்தப்ப நடையில ஒண்ணுமே இல்லையே?" என்று என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. படித்தவர்கள் வருகிறார்களே என்று, தண்ணீர் லாரிக்கு வைத்திருந்த குடம், அடுப்பு, துணிக்கொடி எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே உள்ளே திணித்து, நடையைக் கழுவிக் கோலம் போட்டு வைத்தது நாங்கள்தான். அவர் வரைபடத்தைச் சுருட்டினார். மாணவர்களிடம் சொன்னார்: "நாம வீட்டை அளக்கலை. நமக்காக அது கட்டிக்கிட்ட பட்டுப்புடவையை அளந்துட்டு வந்திருக்கோம்."

வீட்டுக் கணக்கு, விரதக் கணக்கு எல்லாம் நான் நோட்டில் எழுதிவைப்பது அவருக்குத் தெரியும். ஒரு மாதம், நடையில் எந்த நேரத்தில் எது இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். ஐந்தரை மணி, குடம் முப்பத்தொன்று. ஏழு மணி, ஸ்டவ் இரண்டு, சாப்பிடும் பிள்ளைகள் ஐந்து பேர். பதினொரு மணி, பூக் கட்டுகிறவர்கள் மூன்று பேர். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் சாம்பல் விழும் என்று வெளியே காயும் துணியெல்லாம் நடைக்கு வந்துவிடும், அதையும் எழுதினேன்.

அந்த நோட்டைத்தான் அவர் சங்கக் கூட்டத்தில் வாசித்தார். நடைக்கு ஏழு அடி வேண்டும், ஹாலில் மூன்றடி குறையும் என்றார். பெரிய சண்டையாகிவிட்டது. "உன் கொடத்துக்காக ஊரார் ஹாலையெல்லாம் கொறைக்கணுமா?" என்று என் வீட்டுக்காரரே இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டீன் குரலை உயர்த்தவே இல்லை. "நாலு அடியே போதும்னா கட்டிக்கோங்க. அந்த வரைபடத்துல என் கையெழுத்து இருக்காது." பெண்கள் எல்லாரும் ஏழு அடிப் பக்கம் நின்றோம். கடைசியில் ஏழு அடிதான்.

துறைமுகப் பக்கத்துக் குடியிருப்புகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தில் என் நோட்டின் நான்கு பக்கங்கள் என் பெயரோடு இருக்கின்றன. அதை நேரில் கொண்டுவந்து கொடுத்தவர், "தப்பு இருந்தா பென்சில்ல குறிச்சு வைங்க" என்றார். பெரியவர்கள் அப்படிச் சொன்னால் மரியாதைக்கு என்று விட்டுவிடுவோம். ஆனால், அடுத்த முறை வந்ததும் பென்சில் குறி இருக்கிறதா என்று முதலில் புத்தகத்தைத்தான் வாங்கிப் பார்த்தார்.

நாங்கள் குடிபோகும்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் வலி, வெளியே போவது குறைந்துவிட்டது. தொலைபேசியில் சொன்னார்: "குடம் வெச்சதும் கூப்பிடுங்க. காலி நடையைப் பார்க்க நான் வரமாட்டேன்." ஆடியில் வேண்டாம் என்றேன். புரட்டாசியில் வெள்ளையடிப்பு. பிறகு ஐப்பசி மழை. "கார்த்திகைக்கு வாங்க மேடம், நடை முழுக்க விளக்கு வைக்கிறேன்" என்றேன். "விளக்கு இல்லேன்னாலும் வருவேனே" என்று சிரித்தார். அவர் கேட்டது சாதாரண ஒரு காலைப்பொழுது. நானோ மறுபடியும் வீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிவிடப் பார்த்தேன். எத்தனை காலைகள் இருந்தன! குடங்கள் வரிசையாக நின்ற எந்தக் காலையிலும் அவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

தீபத்தன்று விளக்கேற்றினேன். கஸ்தூரி அக்கா ஒரு விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, "டேப்பம்மா இருந்தா வெளக்குக்கு வெளக்கு எவ்ளோ தூரம்னு அளந்துகினு இருக்கும்" என்றார்.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, நடையில் இருப்பதை எழுதிவைக்கும் அந்த வேலைதான். நோட்டை மறுபடியும் எடுத்திருக்கிறேன். அன்றைய பக்கத்தில் இப்படி எழுதினேன்: மாலை ஆறு மணி. சுவரோரம் குடம் பதினொன்று. கைப்பிடியோரம் விளக்கு இருபத்தேழு. நடுவில் ஓர் ஆள் நடந்து வர வழி இருக்கிறது.