ஏழுமலை நைனாவின் உயிலுக்கு நான் சாட்சி

போன வாரம் என் முதலாளிக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போடப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர் அவர். தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, படுக்கை விரிப்புகளைத் துவைக்கப் போடுவது, குரங்கு விரட்டுவது என்று அங்கே எனக்கு மூன்று வேலை. மூன்றாவதுதான் கஷ்டம்.

அலுவலகத்தில் ஒரு பெண் என் கட்டைவிரலைச் சின்னக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். இயந்திரம் எடுக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். அடுத்த விரலை வைத்தேன். அதற்கடுத்த விரலையும் வைத்தேன். "தாத்தா, உங்களுக்கு ரேகையே இல்லியே" என்றாள். ரேகை இல்லாததைவிடத் தாத்தா என்றதுதான் எனக்கு உறைத்தது. பாறை உடைத்த கை, பிறகு ஓட்டலில் அண்டா தேய்த்த கை. ரேகை எங்கே தங்கும்? கடைசியில் ஏதோ மருந்தைப் பஞ்சில் நனைத்து என் விரலை அழுத்தித் துடைத்தாள்.

அந்த நெடி என்னை எங்கேயோ இழுத்தது. முதலில் ஆஸ்பத்திரி என்று நினைத்தேன். அப்புறம் வெடிமருந்தோ என்று தோன்றியது. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் பிடிபட்டது, அது பழைய ஸ்டாம்பு பேடு மையின் நெடி. என் ஞாபகம் அப்படித்தான். எந்த ஊருக்கும் நேராகப் போகாது, இரண்டு பஸ் மாறித்தான் போகும்.

வெடிமருந்து என்று நினைத்ததும் முழுத் தப்பில்லை. அந்த மையை முகர்ந்த நாட்களில் நான் பாறைக்கு வெடி வைத்துக் கிணறு ஆழப்படுத்தும் கும்பலில் இருந்தேன். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் செங்கல் சூளை, லாரி, கரும்பு வெட்டு என்று சுற்றி இருபத்து நான்கு வயதில் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். மேஸ்திரி துரையோடு சேர்த்து ஆறு பேர். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் ஏழுமலை என்ற விவசாயியின் கிணற்றில் வேலை. ஊரே அவரை நைனா என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நெல், மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை, இரண்டு எருமை. மனைவி இல்லை. மகன் சேகர் பக்கத்து வீட்டில் குடும்பத்தோடு இருந்தான். மகள் சரோஜா புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு அப்பாவிடம் வந்துவிட்டவள். எங்களுக்குக் கூழ் கொண்டுவருவது அவள்தான். ஒரு தடவை கல் சில் தெறித்து என் இடது புருவம் இரண்டாகப் பிளந்தபோது மஞ்சளைக் குழைத்து அப்பித் துணி கட்டிவிட்டாள். புருவம் சேரவேயில்லை, இன்னும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தினால்தான் பின்னால் இவ்வளவும் நடந்தது.

ஒருநாள் நைனா கிணற்று மேட்டில் வந்து நின்று, "உங்கள்ல எவனுக்குபா கையெழுத்துப் போட வரும்?" என்று கேட்டார். துரை கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். ஏழாம் வகுப்புக்கு அன்றுதான் முதல் மரியாதை கிடைத்தது.

கம்ப்ரெஸருக்கு ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் திருவண்ணாமலைக்கு பஸ் ஏற்றினார். பஸ்ஸில்தான் உயில் விஷயத்தைச் சொன்னார். எண்பது சென்ட் நிலமும் கிணற்றில் பாதிப் பங்கும் சரோஜாவுக்கு. மற்றதெல்லாம் சேகருக்கு. எனக்கு ஒன்று புரியவில்லை. "ஊர்ல அத்தன பேர் இருக்காங்களே நைனா, நாங்க எதுக்கு?" என்றேன்.

"ஊர்க்காரன் எவனும் போட மாட்டான்பா. நாளைக்கி எம்புள்ள மூஞ்சில முழிக்கணுமில்ல. நீங்க கெணறு முடிஞ்சா போயிடுவீங்க. உங்களுக்கு இன்னா?"

அந்தப் பக்கத்தில் அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். உயிலுக்குச் சாட்சி போட்டால் ஒரு பங்காளியின் பகை நிச்சயம். அதனால் வெளியூர் ஆளாகப் பிடிப்பார்கள். நல்ல யோசனைதான். போய்விடுகிற ஆளைப் பிறகு எங்கே போய்த் தேடுவது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே புங்க மரத்தடியில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பத்திர எழுத்தர். எங்களுக்கு எழுதியவர் ஒரு பக்கக் காம்பு உடைந்த மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். எழுதி முடித்து உரக்கப் படித்தார். பாதியில் நைனா நிறுத்தினார். "கெணத்துல பாதினு போட்டியா? தண்ணியில்லாத நெலத்த வச்சிகினு அவ இன்னா பண்ணுவா?" எழுத்தர் மூன்று முறை அந்த வரியைப் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் நைனா கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். அடுத்து துரை, நைனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டான். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் நைனா எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மலைப் பக்கமாகத் திரும்பிக் கைகூப்பி நின்றுவிட்டார். எங்கள் பக்கம் அது சாதாரணம். ஏர் பூட்டினாலும் சரி, பெண் பார்த்துவிட்டு வந்தாலும் சரி, மலை தெரிகிற இடமானால் திரும்பி ஒரு கும்பிடு. அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் என் பெயரை எழுதினேன்.

உள்ளே அதிகாரி முன்னாலும் இன்னொரு கையெழுத்துப் போட்டோம். பதிவானது. நைனா எங்களுக்குப் பூரி வாங்கிக் கொடுத்து, "எவன்கிட்டயும் வாய் தொறக்காதீங்கபா" என்றார். திறக்கவில்லை. கிணறு முடிந்ததும் கிளம்பிவிட்டோம்.

அப்புறம் நான் பெங்களூரில் கட்டட வேலை பார்த்தேன், ஓசூர் பக்கம் கல்குவாரியில் இருந்தேன், திருப்பூரில் சாயப் பட்டறையில் கால் வெந்தது. இதில் எது முந்தி எது பிந்தி என்று இப்போது கேட்டால் தடுமாறுவேன். கோர்ட்டிலேயே தடுமாறினேன். ஆறேழு வருஷம் கழித்துத் திருவண்ணாமலைக்கே திரும்பி, கிரிவலப் பாதையில் ஒரு பஜ்ஜிக் கடையில் சட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பௌர்ணமி, வெயில் தாழ்ந்த நேரம். கூட்டத்திலிருந்து ஒரு பெண் நேராக வந்து என் முகத்துக்கு எதிரே நின்றாள். பஜ்ஜி கேட்கவில்லை. என் புருவத்தையே பார்த்தாள்.

"இது எனக்கு எத்தினியாவது பௌர்ணமி தெரியுமா உனுக்கு? ஒம்பது."

சரோஜா. நைனா செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. உயில் பொய், அப்பாவுக்குப் புத்தி சரியில்லாத நேரத்தில் வாங்கியது என்று சேகர் வழக்குப் போட்டிருந்தான். பதிவாகிவிட்டால் போதும் என்று இவள் நினைத்திருக்கிறாள். போதாதாம். விரல் வைத்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவராவது வந்து சொல்ல வேண்டுமாம். துரை மஞ்சள்காமாலையில் போய்விட்டான். எழுத்தரும் இல்லை. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த ஜில்லாக்காரன் எங்கே போனாலும் ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்ற வராமலா இருப்பான் என்று ஒன்பது மாதம் இந்தப் பாதையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறாள். நானோ ஒரு தடவைகூடச் சுற்றியவன் இல்லை. சட்டி முன்னால்தான் நின்றேன். அதைச் சொன்னபோது, "தூ, உன்னப் போயி சாமிக்குப் பயந்தவன்னு நெனச்சேன் பாரு" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கும்முன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேஸ் தோற்றால் உயில் செல்லாது. அப்புறம் சேகரிடம் பங்கு கேட்டுத் தனியாக ஒரு வழக்கு நடத்த வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை. குழந்தைக்கும் அவளுக்கும் அந்த எண்பது சென்ட்தான் சோறு.

சரோஜாவின் வக்கீல் என்னை உட்காரவைத்துப் பாடம் சொன்னார். "இதோ பாருப்பா, அவரு கைநாட்டு வச்சத நீ பாத்த. நீ போட்டத அவரு பாத்தாரு. இந்த ரெண்டு வரிதான் கேஸு. மூணாவது வரி பேசாத." தலையாட்டிவிட்டு வந்தேன். வழியிலேயே குழப்பம் பிடித்துக்கொண்டது. நான் போட்டதை அவர் எங்கே பார்த்தார்? முதுகல்லவா காட்டிக்கொண்டு நின்றார்? உள்ளே அதிகாரி முன்னால் போட்டபோது பார்த்தாரே என்று வக்கீலைக் கேட்டேன். அது ஆளை அடையாளம் காட்டிய கையெழுத்து, அது வேறு, கொட்டகையில் போட்டதுதான் சாட்சிக் கையெழுத்து என்றார். எனக்கு இரண்டும் ஒரே பேனாவில் போட்ட ஒரே பெயர்தான்.

வழக்கு அன்று கோர்ட்டு வராந்தாவில் சரோஜாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் பதறுவாள் என்று நினைத்தேன். அவளோ, "எங்க நைனா மலையப் பாத்துக் கும்புட்டாரா? எம்பேர்ல எழுதனப்புறமா?" என்றாள்.

"ஆமா."

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரம் நின்னாரு."

அதைத் தவிர வேறெதுவும் அவள் காதில் விழவில்லை. கூண்டில் என்ன சொல்வது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் ஏறியதும் சேகரின் வக்கீல் நான் பார்த்த வேலைகளை வரிசையாகக் கேட்டார். ஓசூரைத் திருப்பூருக்குப் பின்னால் வைத்துச் சொன்னேன், பிறகு முன்னால் வைத்தேன். கோர்ட்டில் சிரித்தார்கள். உயில் எழுதிய நாள் என்ன கிழமை என்றார். தெரியாது. எத்தனை பூரி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடைசியில், "நீ கையெழுத்துப் போடும்போது ஏழுமலை எந்தப் பக்கம் பாத்துட்டிருந்தார்?" என்றார்.

"மலையப் பாத்துகினு இருந்தாருங்க."

"உன்னைப் பாக்கலை."

"முதுகுதாங்க தெரிஞ்சிது."

எங்கள் வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டை மேஜை மேல் வைத்துவிட்டார். பின்வரிசையில் சேகர் மனைவி "அப்பாடா" என்றது எனக்கே கேட்டது. நீதிபதி ஒரு அம்மா. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவர் எவ்வளவு தூரத்துல நின்னார்?"

"கை நீட்னா தொட்டுடலாங்கம்மா."

"நீங்க கையெழுத்துப் போடறது அவருக்குத் தெரியுமா?"

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. "தெரியுங்கம்மா. பேனா சரியா எழுதல. திரும்பாமலே சொன்னாரு, 'அழுத்திப் போடுபா, பாற ஒடைக்கிற கைதானே'ன்னு."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

உயில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அவர் முன்னிலையில், கைக்கெட்டும் தூரத்தில், அவருக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது, அது போதும் என்பதாக வக்கீல் விளக்கினார். என்னைத் தட்டிக்கொடுத்து, "மூணாவது வரிதான்யா காப்பாத்துச்சு" என்றார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நைனா அப்படிச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. பேனா எழுதாதது நிஜம், உதறியது ஞாபகமிருக்கிறது. அந்த வார்த்தை அன்று கொட்டகையில் கேட்டதா, கூண்டில் நின்றபோது எனக்குள் உண்டானதா? கூண்டில் ஏறும்வரை ஒருநாளும் அது நினைவில் வந்ததில்லை. சொல்லி முடித்த கணத்திலிருந்து, அவர் முதுகு லேசாக அசைந்து அதைச் சொல்வது நன்றாகத் தெரிகிறது. பொய் சொன்னவனுக்கு இப்படித் தெரியுமா? நிஜம் சொன்னவனுக்கு இத்தனை சந்தேகம் வருமா?

அறுவடைச் சமயத்தில் அவள் நிலத்துக்கே போய்ச் சரோஜாவிடம் இதைச் சொன்னேன். மணிலாக் கொடி பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "இத இன்னும் எத்தினி பேர்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாத. வந்ததுதான் வந்த, அந்தக் கடைசிப் பாத்தியப் புடுங்கு. ஆளு கம்மி."

பிடுங்கினேன். அதற்குமேல் அவளோடு அதைப் பேசவில்லை. மகனைப் படிக்கவைத்தாள். அவன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. எண்பது சென்ட்டும் குத்தகையில் இருக்கிறது.

போன வாரம், அந்த டீயைக் குடித்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அங்கே பெஞ்சில் சேகர் உட்கார்ந்திருந்தார். நரைத்துப்போய், கண் ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு. திரும்பி நகரலாமா என்று நான் யோசிப்பதற்குள் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டார்.

"கெணத்துக்காரன்தானே நீ? குந்து."

உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கேஸுக்காகக் கேக்கல. அதெல்லாம் முடிஞ்சிபோச்சி, அவளும் பூட்டா. எங்க நைனா அப்பிடி சொன்னாரா?" என்றார்.

தெரியலைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் காத்திருக்கவில்லை.

"எம்மேல கோவத்துல கடைசி ரெண்டு வருஷம் எங்கூட அவரு பேசல. போட்டோ இருக்குது. அவரு பேச்சுனு எதுவும் எங்கிட்ட இல்ல. நீ கோர்ட்டுல சொன்ன பாரு, அத நான் வீட்ல எத்தினியோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். சரியா வர்ல. அவரு எப்பிடி சொன்னாரோ அப்பிடியே ஒருவாட்டி சொல்லு."

பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவர் காதை என் பக்கம் சாய்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அழுத்திப் போடுபா, பாற ஒடைக்கிற கைதானே" என்றேன்.

என் குரல்தான் வந்தது. இன்னொரு தடவை சொன்னேன், கொஞ்சம் இறக்கி. அதுவும் என் குரல்தான். சேகர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.