புலி இல்லாத மலையில் ஒரு வெள்ளைக்கார நாவல்

தட்டச்சுக்காரனுக்குப் பத்து விரல் இருக்கலாம், சொந்தக் கருத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. எவனோ எழுதியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக் கொடுத்த சகோதரர்களே, உங்களுக்கு இது புரியும். நாற்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் கோட்டையை வைத்து நாவல் எழுதச் செஞ்சி பங்களாவில் வந்து தங்கிய ஒரு துரையிடம் எனக்கு வேலை கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். கதையை வெளியே சொன்னால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

புலி

முதல் அத்தியாயத்திலேயே புலி வந்துவிட்டது. ஊரே அலறி ஓட, கதாநாயக வெள்ளைக்காரன் ஒரே குண்டில் அதைச் சாய்க்கிறான். செஞ்சி மலையில் குரங்குதான் உண்டு, அதுவும் நம் கையிலிருக்கும் வாழைப்பழத்தைத்தான் குறிவைக்கும் என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். துரை வாயிலிருந்த சுருட்டைக்கூட எடுக்கவில்லை.

“குரங்கைச் சுட்டவனுக்கு லண்டனில் யார் கை தட்டுவார்கள்? புலி என்றே அடி.”

ஆரோக்கியம்

துரையை நாற்காலியில் உட்காரவைத்து, கோட்டை இருக்கும் ராஜகிரி மலைக்குத் தூக்கிப் போகும் நால்வரில் மூத்தவர் ஆரோக்கியம். விவசாயி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். நாவலில் அவர் பாம்பைக் கும்பிடுகிறார், பிறகு கதாநாயகன் காலில் விழுந்து திருந்துகிறார். அவர் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம் என்றேன். துரை நிஜமாகவே கவலைப்பட்டார்.

“அவனே மாதா கோயிலுக்குப் போய்விட்டால் என் கதாநாயகன் யாரைத் திருத்துவான்?”

நாற்காலி

தங்களைப் பற்றித் துரை என்ன எழுதியிருக்கிறார் என்று ஆரோக்கியம் தினமும் கேட்பார். நல்லதாகத்தான் என்று நானும் தினமும் புளுகுவேன். கடைசி அத்தியாயத்தில் கூலிகள் பயந்து ஓடிவிட, கதாநாயகன் தன்னந்தனியாக ராஜகிரி உச்சிக்கு ஏறுகிறான். அதை அடித்து முடித்த சாயங்காலம், ஆரோக்கியத்தின் தோளில் மூங்கில் அழுத்திக் காய்த்துப்போன இடத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் குறிப்பெடுக்க நானும் கூடப் போனேன். பாதி மலையில் நால்வரும் நாற்காலியை ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறக்கி வைத்தார்கள். ஏன் என்று துரை கேட்டார். ஆரோக்கியம் என்னிடம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னார், அதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். வேலை போய்விட்டது என்று அப்போதே தெரிந்தும், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

“கதைல தனியாத்தான ஏறுனாரு, மிச்சத்தயும் அப்படியே ஏறச் சொல்லுப்பா.”

துரை ஒருமுறை உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கினார், நாவலில் ஒரு வரியும் மாறவில்லை, மாறியது தட்டச்சுக்காரன் மட்டும்தான்.