அறுநூற்றைம்பது என்று போட்டிருந்த பெட்டி

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு 'தாங்குமா' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அலுவலகத்திலும் அதே பெயர்தான், சொந்தக்காரர்கள் நடுவிலும் அதே பெயர்தான். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடமாட்டார்கள், முதுகு திரும்பினால் வேறு பெயர் சொல்லமாட்டார்கள்.

இதை அவர் தன் கல்யாணத்தன்றே சம்பாதித்துக்கொண்டார். பெண் வீட்டார் இருபத்தாறு பேர் போட்டோவுக்காக ஒரே நேரத்தில் மேடையேறினார்கள். மாப்பிள்ளை அவர்களை எண்ணினார். பிறகு புதுச்சட்டையோடு கீழே இறங்கி, குனிந்து, மேடைக்கு அடியில் தலையை விட்டார்.

"இது தாங்குமா?"

"நூறு பேர் ஏறியிருக்காங்க சார்," என்றான் மேடை போட்டவன்.

"ஒரே நேரத்துலயா?"

நான்கு நான்கு பேராக ஏற்றி இறக்கித்தான் போட்டோ எடுத்தார்கள். அந்த ஆல்பத்தைப் புரட்டினால் இன்றைக்கும் மாமன், சித்தப்பன் எல்லோரும் ஏதோ லிஃப்டுக்குக் காத்திருந்து ஏறியவர்கள் மாதிரித்தான் நிற்பார்கள்.

பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட முடியாது. பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றபடி மேலே போய் வருகிற ஆள். ஆனால் கூண்டுக்குள் 'எட்டு பேர்' என்று பலகை மாட்டியிருந்தால் அந்தப் பலகையை மட்டும் நம்பமாட்டார். எட்டுப் பேரின் கனத்துக்கு மேல் இன்னும் கால் பங்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி, கயிறும் பிரேக்கும் பிடித்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. எழுதியிருப்பது ஒன்று, இருப்பது ஒன்று என்பதை அவர் அளவுக்குக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

அவர் மனைவிக்கு வீட்டிலேயே வேலை. கட்டப்போகிற வீடும் கடையும் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாகச் செய்து கொடுப்பாள். நாற்காலி, திரைச்சீலை, ஜன்னல் வழியாக வந்து விழுகிற வெயில், அந்த வெயிலில் நாற்காலியின் நிழல் எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு வெயில் கீற்றையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தான் வரையவேண்டும். அவளுடைய கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் மந்தம். ஒரு படத்துக்கு ஒன்பது மணி நேரம். அது முடிந்ததும் வீடு கட்டுகிறவர் போன் பண்ணி, "சோபா பச்சையா இருந்தா நல்லா இருக்குமேம்மா" என்பார். மறுபடியும் ஒன்பது மணி நேரம்.

ஒரு நாள் அவள் யாரையும் கேட்காமல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வரவழைத்துவிட்டாள். அந்தக் கணக்கையெல்லாம் இது வாங்கிக்கொண்டு நிமிஷத்தில் முடித்துவிடுமாம். கார்டு என்றதும் சீட்டு மாதிரி ஏதோ வரும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்திருந்தார். வந்ததோ மூன்று விசிறி வைத்த செங்கல். கையில் வாங்கி ஏந்திப் பார்த்தார்.

"இது எவ்வளவு கரண்ட் குடிக்கும்?"

"அப்பவே நெனச்சேன்," என்றாள் அவள்.

"இல்லம்மா, உள்ள இருக்கிற பவர் சப்ளை..."

"சொல்லாதீங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க."

அவர் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன் அவள் தம்பி. கம்ப்யூட்டர் பூட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவன் தொழில். தெரியாது என்கிற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டவர் கிடையாது. அக்கா போன் செய்ததும் ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

"மச்சான், உள்ள இருக்கிறது அறுநூத்தம்பது வாட்ஸ். ஆனையக் கட்டி இழுக்கும். இந்தக் கார்டுக்கு வேண்டியது இருநூத்தி இருபது. என்ன பயம் உங்களுக்கு?"

"பயம் இல்ல மாப்ள. பார்த்துட்டா நிம்மதி."

சனிக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். தூசியை ஊதினார். கீழே மூலையில், உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டியில் 650 என்று தங்க எழுத்து, கட்டைவிரல் பெரிசுக்கு. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியின் மறுபக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கயிற்றுப் பிரி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்து அதைப் படித்தார்.

"பன்னிரண்டு வோல்ட் லைன்ல இருபத்தி நாலு ஆம்ப்ஸ்தான் கொடுத்திருக்கான். பன்னிரண்டு இன்ட்டு இருபத்தி நாலு, இருநூத்தி எண்பத்தெட்டு. கார்டும் பிராசஸரும் சாப்பிடறது அந்த லைன்ல இருந்துதான். கார்டுக்கு இருநூத்தி இருபது, பிராசஸருக்கு நூறு. ரெண்டும் சேர்ந்தா முந்நூத்தி இருபது. பத்தாது."

"அப்போ அறுநூத்தம்பதுங்கிறது?"

"வேண்டாத லைன் எல்லாத்தையும் கூட்டி, அதுக்கு மேல கொஞ்சம் ஆசையையும் கூட்டிப் போட்டிருக்கான்."

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டியைக் கழற்றி, சமையலறைத் தராசில் வைத்து, "எழுநூறு கிராம்கூட இல்ல. உள்ள சரக்கு இருந்தா கனம் இருக்கணும்ல?" என்றும் சொன்னார். மாவு அளக்கிற தராசில் தூசிப் பெட்டியைக் கண்டதும் அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் போயிற்று.

"ஏங்க, அடுத்த வெள்ளிக்கிழமை கிளினிக் படம் கொடுக்கணும். டாக்டரம்மா ஆறு ரூம் கேட்டிருக்காங்க. ஆறு ஒம்போது அம்பத்து நாலு மணி நேரம். நீங்க தராசு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருங்க."

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் ஒரு துணிக்கடை லிஃப்டில் இரும்புக் கட்டி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி வீட்டுக்கு வந்து கார்டைப் பூட்டிவிட்டான். கார்டுக்கு இரண்டு பிளக் வேண்டும், பெட்டியிலிருந்து வருவது ஒன்றுதான். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கவட்டை ஒயரை எடுத்து அந்த ஒன்றை இரண்டாக்கினான்.

இன்ஸ்பெக்டர் வீடு திரும்பியபோது அக்காளும் தம்பியும், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று விசிறிகளும் சுற்றின.

"பார்த்தீங்களா மச்சான்? வெடிச்சுதா?"

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். கவட்டை ஒயர் கண்ணில் பட்டது. "சட்டியில் இருந்தாத்தானே மாப்ள அகப்பையில் வரும்? அகப்பைய ரெண்டாக்கி என்ன பிரயோஜனம்?" என்றார்.

"ஓடுதுல்ல!"

ஓடத்தான் செய்தது. அன்றும் ஓடியது, மறுநாளும் ஓடியது. மின்னஞ்சல் திறந்தது, கோடு வரைந்தது, பாட்டுப் பாடியது. தம்பி வேலைக்குப் போகிற வழியில் வந்து, 'வெடிச்சுதா?' என்று விசாரித்துவிட்டுப் போனான். சாயங்காலமும் வந்து விசாரித்தான். தன் கணக்கு எங்கே பிசகியது என்று இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் முந்நூற்றிருபதுதான் வந்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "எந்தக் கட்டடம் சார்?" என்றார். "என் வீடு," என்று சொல்லிக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

புதன்கிழமை மாலை அவள் கிளினிக்கின் முதல் அறையைப் படமாக்கக் கொடுத்தாள். அதுவரைக்கும் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. இப்போதுதான் அதற்கு வேலை வந்தது. விசிறிகள் ஊளையிட்டன. திரையில் பதினொரு சதவீதம். 'டக்.' திரை கறுத்தது.

இன்ஸ்பெக்டர் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது. பக்கத்தைத் திருப்பினார்.

அவள் மறுபடி போட்டாள். பன்னிரண்டு சதவீதம். 'டக்.' தம்பி ஓடி வந்தான். இரண்டு பேரும் கிசுகிசுத்தார்கள். சுவர் பிளக்கை மாற்றினார்கள், ஒயரை ஆட்டினார்கள், கம்ப்யூட்டரைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். 'டக்.' இன்ஸ்பெக்டர் செய்தித்தாளில் மரண அறிவித்தல் வரைக்கும் வந்துவிட்டார். அதையும் ஊன்றிப் படித்தார். நாக்கு நுனியில் நின்ற ஒரு வாக்கியத்தை விழுங்குவதற்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்து பேப்பரை மறுபடி கையில் எடுத்தார்.

கடைசியில் அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"சொல்லிடுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"பேப்பரைத் தலைகீழா வச்சிருக்கீங்க. சந்தோஷம் தாங்கல உங்களுக்கு."

அவர் பேப்பரைப் பார்த்தார். உண்மைதான். சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது. தம்பிக்கு மட்டும் வரவில்லை. அவன் மூஞ்சியில் ஈயாடவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனார். கடையை நடத்துகிற அம்மா தடித்த கண்ணாடி போட்டு, காதில் பேனா செருகியிருந்தார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பின்பக்கக் கட்டத்தைப் பூதக்கண்ணாடியால் படிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கார்டுக்கு எழுநூத்தம்பது எடுத்துக்கோங்க சார். நல்ல கம்பெனி. தாராளமாப் போதும்."

"ஒரு லிஃப்ட் கயிறு அது தூக்கற கனத்தைப் போல பன்னிரண்டு மடங்கு தாங்கணும்மா. தெரியுமா?"

"இது லிஃப்ட் இல்லையே சார்."

"எந்த வேலைன்னாலும் இருப்பு வேணும்ல? அந்த ஆயிரத்து இருநூறைக் காட்டுங்க."

அந்த அம்மா கம்ப்யூட்டர் பெட்டியின் அளவு என்ன என்று ஏதோ கேட்க வந்தார். இன்ஸ்பெக்டர் அதற்குள் ஆயிரத்து இருநூறைக் கையில் தூக்கிக் கனம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என்ன கனம்! கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பழையதைக் கழற்றி எடுத்தாயிற்று. புதியதை உள்ளே தள்ளினார். பாதியில் நின்றது. திருப்பித் தள்ளினார். அப்போதும் நின்றது. உள்ளே டிஸ்க் மாட்டுகிற தகட்டில் போய் இடித்தது. இரண்டு விரற்கடை நீளம் அதிகம்.

தம்பி மெல்ல ஒரு அளவு டேப்பை எடுத்து நீட்டினான்.

"மச்சான், வோல்ட் பார்த்தீங்க, ஆம்ப்ஸ் பார்த்தீங்க, கனம்கூடப் பார்த்தீங்க. நீளம்னு ஒண்ணு இருக்கு மச்சான்."

முந்தின நாள் அசடு வழிந்ததற்கெல்லாம் சேர்த்து அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டரம்மா.

இன்ஸ்பெக்டருக்குக் காதுமடல் சிவந்தது. வாழ்நாளில் அவர் யாரிடமும் தான் அளக்க மறந்ததாக ஒப்புக்கொண்டதில்லை. "என் தப்புதாம்மா," என்றார். அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். தம்பி எழுந்து, "நில்லுங்க, நானும் வர்றேன்," என்று வண்டியை எடுத்தான்.

கடையில் அந்த அம்மா அவர்களைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். எழுநூற்றைம்பது. மேலே ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் 'லிஃப்ட் சார்' என்று எழுதியிருந்தது.

"வருவீங்கன்னு தெரியும்," என்றார்.

இன்ஸ்பெக்டர் டேப்பை வாங்கிப் பெட்டியை இரண்டு தரம் அளந்தார். அந்த அம்மாவும் பொறுமையாக டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிளினிக்கின் ஆறு அறைகளும் வந்து சேர்ந்தன. அறைக்குப் பதினான்கு நிமிஷம். முதல் படம் பதினொரு சதவீதத்தைத் தாண்டும்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு, பதிமூன்று, இருபது என்று ஏறியது. திரையில் ஒரு காத்திருப்பு அறை, வரிசையாக நீலநிற நாற்காலிகள், அவற்றின்மேல் காலை வெயில். மறுநாள் டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலி மஞ்சளாக இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மஞ்சள் நாற்காலி அவர் போனுக்கு வந்துவிட்டது.

கதை இதோடு முடிந்திருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை தம்பி போன் செய்தான்.

"மச்சான், அந்த அறுநூத்தம்பது பெட்டிய நான் இன்னும் பதினோரு பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"சரி."

"தூக்கம் வரல மச்சான்."

"ஞாயித்துக்கிழமை போவோம் மாப்ள."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வண்டியில் வீடு வீடாகப் போனார்கள். தம்பி தகட்டைக் கழற்றுவான், இன்ஸ்பெக்டர் கட்டத்தைப் படிப்பார், கூட்டுவார், அளப்பார். நாலு பேருடையதைத் தம்பி தன் செலவிலேயே மாற்றிக் கொடுத்தான். மற்ற ஏழு பேருக்கு அவர்கள் செய்கிற வேலைக்கு இருப்பதே போதும். போதும் என்கிற தீர்ப்பை இன்ஸ்பெக்டர் சும்மா சொல்லவில்லை. வெள்ளைத்தாளில் என்ன தாங்கும், என்ன தாங்காது, எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டினார். தம்பியும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டான்.

பதினோராவது வீடு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. கம்ப்யூட்டரோடு சதுரங்கம் ஆடுவதைத் தவிர அவர் அதில் வேறொன்றும் செய்வதில்லை, தினமும் தோற்கிறார். ஒட்டிய தாளை முழுசாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ இதுல எத்தனை பேர் ஏறலாம்?"

தம்பி வெடித்துச் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பெரியவர் வேடிக்கைக்குக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியாததால் நின்று நிதானமாக, வோல்ட்டிலிருந்து ஆரம்பித்து, அவருக்குப் புரியும்வரை விளக்கிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.