அந்தரத்தில் நின்ற துண்டு

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அம்மாவைப் பார்த்து நான் கத்தினேன். ஒரு ஃப்ளாப்பிக்காக.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு ஆபீஸில் குமாஸ்தா. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். மேலேயிருந்து துண்டு துண்டாக விழும். திருப்பி, நகர்த்தி, சந்து விடாமல் அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் மறையும், உச்சி வரை குவிந்தால் தோல்வி. ஊரெல்லாம் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டுதான். எங்களுக்கு எங்களுடையதாக ஒன்று வேண்டும் என்கிற திமிர்.

யோசனைகள் எல்லாம் அண்ணனுடையவை. ஆனால் அவனுக்கு என்னைப் போல் புரோகிராம் எழுத வராது. அதனால் விளையாட்டுக்குள்ளேயே அவனுக்காக ஒரு குட்டி மொழியை வைத்தேன். இருபது சொற்கள்கூட இருக்காது. அடுத்து எந்தத் துண்டு, என்ன வேகம், எந்த விசைக்கு அசைய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அவன் ஒரு சாதாரண ஃபைலில் எழுதினால் போதும், என் புரோகிராம் அதைப் படித்து அப்படியே நடக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் உட்கார்ந்து எழுதி, ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஃபெரியில் வருவான். எனக்கோ சோம்பல். புரியாத வரி வந்தால் சத்தம் போடாமல் தாண்டிப் போகும்படி எழுதியிருந்தேன். அது தெரிந்ததும், என்னைக் கிண்டல் செய்ய நினைத்ததையெல்லாம் அவன் அந்த ஃபைலுக்குள்ளேயே எழுத ஆரம்பித்துவிட்டான்.

கடைசி நாள் காலையில் ஃப்ளாப்பியை மேசைமேல் வைத்தான். "புதுசா ஒன்னு போட்டிருக்கேன். நீயா ஓட்டிப் பாக்காத லா, சாயந்தரம் வந்து காட்டுறேன்." மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, பட்டர்வொர்த்திலேயே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் படையலில் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் அம்மா வைத்திருந்தாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு, பால் விடாத கோப்பி ஓ, கைக்கடிகாரம், பக்கத்திலேயே அந்த ஃப்ளாப்பி. ஆயுத பூஜையில் வண்டிக்கும் மிஷினுக்கும் செய்வதுபோல அதற்கும் திருநீறு பூசி, குழைத்த சந்தனத்தில் பொட்டு வைத்திருந்தாள். சரியாக, உள்ளே இருக்கும் தட்டை மூடிக் காக்கும் தகரக் கதவின்மேல். ஓரத்தில் சந்தனம் உள்ளே இறங்கியிருந்தது.

"அவன் கடைசியா செஞ்சது இதுலதாம்மா இருந்துச்சு! நாசமாக்கிட்டியே!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு விளக்குத் திரியைத் தூண்டினாள்.

ஃப்ளாப்பியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். கரகரவென்று படித்தது. முதல் துண்டு ஒழுங்காக விழுந்தது. இரண்டாவது மேலே வந்து, அந்தரத்தில் நின்றுவிட்டது. அம்புக்குறி விசைகளை எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. மறுபடி ஓட்டினேன். அதேதான்.

ஃபைலைத் திறந்து படித்திருக்கலாம். துணிச்சல் வரவில்லை. அவன் கிண்டலைப் படிக்க என்னால் முடியாது, பாதி அழிந்துபோன கிண்டலை இன்னும் முடியாது. அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் வேலையிலிருந்து வந்து அதை ஓட்டிவிட்டு, நிற்கும் துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துணி மடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் அது நிற்பது தெரியும். எழுதியவள் நான், உள்ளே பேய் இல்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தாலும் அவன் நாற்காலியில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் நிக்குதா?" என்பாள் அம்மா.

"நிக்குது. உன் சந்தனம்தான்."

இப்படி எத்தனை நாள் சொன்னேன் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுவதற்கு முன் வீட்டைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மா, கீபோர்டையும் ஈரத்துணியால் துடைத்தாள். "ஐயோ, நவுந்துடுச்சு!" என்று அலறினாள். ஓடிவந்தேன். துண்டு இடதுபக்கம் ஒதுங்கி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தேன். அம்புக்குறிகளுக்கு அசையாத துண்டு, கீபோர்டின் இடது கோடியில் இருந்த எழுத்துகளுக்கு அசைந்தது.

ஃபைலைத் திறந்தேன். ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. முதல் வரியைத் தமிழில், ஆங்கில எழுத்துகளால் அடித்திருந்தான்: 'ஒன்னு ஒனக்கு, ஒன்னு எனக்கு. நான் வர்ற வரைக்கும் நிக்கும், நீ ஒன்னும் செய்ய முடியாது.' அதன் கீழே, ஒன்றுவிட்டு ஒரு துண்டை இரண்டாம் ஆளுக்காக நிறுத்தி, இடது கோடி எழுத்துகளுக்கு மட்டும் அசையச் சொல்லும் கட்டளைகள். விளையாட்டு கெட்டுப்போகவே இல்லை. இத்தனை நாளும் அவன் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"சந்தனம் ஒன்னும் செய்யலம்மா. நான்தான் தப்பு. மன்னிச்சுக்க," என்றேன்.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எத அமுக்கணும்? சொல்லு."

ஆடினோம். அம்மாவுக்குத் திருப்ப வரவில்லை. அவள் துண்டுகள் விழுந்த இடத்தில் விழுந்து சந்து சந்தாக விட்டன. நான் அடைக்க அடைக்கக் குவியல் ஏறியது. என் துண்டு ஒன்று உச்சியில் முட்டி, எல்லாம் நின்றது.

"இப்ப அவனோடதுதானே?" என்றாள்.

"முடிஞ்சிருச்சும்மா."

"இல்ல லா, இப்ப விழுந்தது ஒன்னோடது. அடுத்து அவனோடது வரணும்ல?"

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டு, விசையிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.